எரிக்க வேண்டிய சாமி படம் கண்ணாடிப் பெட்டிக்குள் ஏன் இருக்கிறது?

கேள்வி, 10 ஜனவரி 2024

நியூயார்க் கொலம்பியா பல்கலைக்கழக நூலகத்தின் இணையப் பக்கத்தில் பழைய பீஜிங்கின் காகித சாமி படங்களைப் பார்த்தேன். மரக்கட்டையில் செதுக்கி அச்சடித்தவை. அடுப்படிச் சாமி, கிணற்றுச் சாமி, கட்டில் சாமி, அம்மை நோய்க்கு ஒரு தாய் என்று வரிசையாக இருக்கின்றன. கும்பிட்டு முடித்ததும் கொளுத்திவிடுவதுதான் முறையாம். கொளுத்தாமல் எடுத்துப்போய்ப் பெட்டியில் பூட்டி வைத்திருப்பது அவமரியாதை இல்லையா? கும்பிட்டவர்களிடமே திருப்பிக் கொடுத்துவிட வேண்டும் என்பது என் கட்சி. சீனர்கள் நடுவில் வாழ்கிற யாராவது சொல்லுங்கள்.

10 ஜனவரி, இரவு

பினாங்கிலிருந்து எழுதுகிறேன். அச்சகத்தில் காலம் தள்ளி ஓய்வு பெற்றவன். கடைப் பலகை வாசிக்கும் அளவுக்குக்கூட எனக்குச் சீனம் தெரியாது. ஆனால் இந்தப் படங்கள் மேல் ஒரு பித்து உண்டு, அவ்வளவுதான் தகுதி.

திருப்பிக் கொடுப்பது என்றால் யாரிடம்? அந்தத் தாள்கள் யார் வீட்டுச் சாமி மேடையிலிருந்தும் கழற்றியவை இல்லை. 1931-இல் ஆன் குட்ரிச் என்ற அமெரிக்கப் பெண்மணி பீஜிங்கில் காசு கொடுத்து வாங்கியவை. பெரும்பாலானவை ரென்ஹே என்ற ஒரே காகிதக் கடைச் சரக்கு. மிஷனரியாகச் சீனாவுக்குப் போனவர் அவர். கணவர் கேரிங்டன் குட்ரிச் கொலம்பியாவில் சீன வரலாறு சொல்லிக்கொடுத்தவர். இருநூறுக்கும் மேற்பட்ட அந்தத் தாள்களை அறுபது வருஷம் வைத்திருந்துவிட்டு 1991-இல் பல்கலைக்கழகத்துக்குக் கொடுத்தார். அவற்றைப் பற்றிய புத்தகமும் அந்த வருஷமே வந்தது. அப்போது அவருக்கு வயது தொண்ணூற்றைந்தைத் தாண்டிவிட்டது. 2005 வரை, 109 வயது வரை, இருந்தார்.

ஆகத் திருட்டு என்ற பேச்சுக்கே இடமில்லை. அவமரியாதையா என்பதற்கு நாளைக்கு வருகிறேன்.

11 ஜனவரி

கொளுத்துவது என்றதும் நமக்குத் திக்கென்கிறது. அங்கே கொளுத்துவதுதான் அனுப்பிவைக்கும் வழி. தாள் புகையானால்தான் சாமி ஊர் போய்ச் சேரும், கூடவே நம் வேண்டுதலும் போகும். கொளுத்தாமல் விட்டால் விருந்தாளியை வாசலில் நிற்க வைத்துப் பேசிக்கொண்டே இருப்பது மாதிரி.

ஆனால் எல்லாத் தாளுக்கும் ஒரே விதி கிடையாது. அடுப்படிச் சாமி வருஷம் முழுக்கச் சுவரில் இருந்து, கரி படிந்து, வருஷக் கடைசியில் எரிவார். பீஜிங்கில் சீனப் புத்தாண்டுக்கு 'நூறு' என்று ஒரு கட்டு விற்பார்கள். விண்ணிலும் மண்ணிலும் உள்ள சாமிகள் அத்தனை பேரும் சிறு சிறு தாள்களாக அடங்கிய கட்டு. அதை முற்றத்து மேசையில் வைத்துச் சில நாள் ஊதுவத்தி காட்டி, பிறகு கட்டோடு கொளுத்துவார்கள். நோய்க்கும் பயணத்துக்கும் வாங்குகிற தாள் வாங்கிய அன்றைக்கே சாம்பல். இவற்றுக்கெல்லாம் பொதுவாக ஜி-மா என்று பெயர், காகிதக் குதிரை. தென்மேற்குச் சீனாவின் யுன்னான் பக்கம் ஜியா-மா என்பார்கள்.

கதவில் ஒட்டுகிற காவல் சாமிகள் தனி ரகம். அவர்களைப் பற்றிப் பிறகு.

13 ஜனவரி

"கொளுத்தாவிட்டால் சாமி நியூயார்க்கிலேயே மாட்டிக்கொள்வாரா" என்று ஒருவர் கேட்டிருக்கிறார். விசா சிக்கல் இருக்காது, எப்போதோ போய்விட்டார்.

14 ஜனவரி

எவ்வளவு பழையது இந்த வழக்கம் என்ற கேள்விக்கு: வடக்குச் சொங் அரசமரபின் தலைநகர் கைஃபெங்கில் இதற்கென்றே கடைகள் இருந்தன. ஜாங் ஜெதுவான் வரைந்த புகழ்பெற்ற ஆற்றங்கரைச் சுருள் ஓவியத்தில் தெருவோரம் ஒரு கடைப் பலகை தெரியும். 'வாங் குடும்பத்துக் காகிதக் குதிரைக் கடை' என்று எழுதியிருக்கும் என்று தெரிந்தவர்கள் சொல்வார்கள். பன்னிரண்டாம் நூற்றாண்டு வாக்கில் வரைந்தது. அதற்கும் முன்னால், 1072-இல், பேய் பிடித்துத் தின்னும் ஜொங் குய் படத்தைக் கட்டையில் வெட்டி அச்சடித்து அதிகாரிகளுக்குப் பேரரசர் வருஷக் கடைசியில் வழங்கினார்.

வடமேற்குச் சீனாவின் துன்ஹுவாங் குகையில் கிடைத்த தனித்தாள் அச்சுகள் இன்னும் பழையவை. 947-இல் அந்த வட்டார ஆட்சியாளர் சாவ் யுவான்ஜொங் செய்வித்த, கருணைத் தெய்வம் குவான்யின் படமுள்ள தாள் ஒன்று உண்டு. மேலே உருவம், கீழே வேண்டுதல். கட்டை வெட்டியவர் பெயரும் அதிலேயே இருக்கிறது: லெய் யான்மெய். ஆயிரம் வருஷத்துக்கு முன்னால் ஒரு கட்டை வெட்டியின் பெயர் தாளில் ஏறியிருக்கிறது. நான் அடித்த லட்சக்கணக்கான தாளில் ஒன்றிலும் என் பெயர் கிடையாது.

19 ஜனவரி

எப்படி அடிக்கிறார்கள் என்று கேட்டீர்கள். இது என் பேட்டை, கொஞ்சம் நீளமாகப் போகும்.

கட்டை பெரும்பாலும் பேரி மரம், சில இடங்களில் சீன இலந்தை. இரண்டும் நெருக்கமான இழை, மெல்லிய கோடு வெட்டினாலும் உதிராது. நன்றாக உலர்ந்த பலகையில் எழுதிய தாளைக் கவிழ்த்து ஒட்டி, கோடு தவிர மற்ற இடத்தை வெட்டி எடுத்துவிடுவார்கள். மரம் வீணாகாது, பெரும்பாலும் இரண்டு பக்கமும் வெட்டுவார்கள்.

அழுத்த இயந்திரம் எதுவும் கிடையாது. கட்டை மேல் மையைத் தூரிகையால் தடவி, தாளைப் பரப்பி, நார் சுற்றிய தேய்ப்பானால் மேலே ஒரு இழுப்பு. புகைக்கரியும் பசையும் கலந்த தண்ணீர் மை, அதனால் அந்த ஒரு இழுப்பே போதும். நிறம் வேண்டுமென்றால் ஒவ்வொரு நிறத்துக்கும் தனிக் கட்டை.

எனக்குப் பிடித்தது அந்த மேசைதான். நடுவில் ஒரு இடைவெளி இருக்கும். ஒரு பக்கம் தாள் கட்டு முழுவதையும் ஓரத்தில் இறுக்கிப் பூட்டிவிடுவார்கள். மறு பக்கம் கட்டை அசையாமல் ஒட்டப்பட்டிருக்கும். தாளைப் புத்தகப் பக்கம் போல ஒவ்வொன்றாக இழுத்து, கட்டை மேல் போட்டுத் தேய்த்து, இடைவெளிக்குள் தொங்க விட்டுவிடுவார்கள். அங்கேயே காய்ந்துகொண்டிருக்கும். கட்டு முழுவதும் ஒரு நிறம் முடிந்த பிறகு கட்டையை மாற்றி, பழைய தாள்களையே திரும்ப எடுத்து அடுத்த நிறம். தாளின் ஓரம் பூட்டிய இடத்திலேயே இருப்பதால் ரெஜிஸ்டர், அதாவது நிறத்தின் மேல் நிறம் சரியாக விழுவது, தானாக நிற்கும். தாளைப் பிடிக்கும் ஊசியும் பூட்டும் சரியாக இல்லாவிட்டால் பல வண்ண வேலையில் என்ன கூத்து நடக்கும் என்று அச்சகத்தில் இருந்தவர்களுக்குத் தெரியும். இங்கே ஒரு மரக்கட்டையையும் ஒரு இடைவெளியையும் வைத்துக் காரியத்தை முடித்துவிட்டார்கள்.

அப்படியும் மலிவுத் தாளில் விலகும். பீஜிங் தாள்களைப் பெரிதாக்கிப் பார்த்தால் கன்னத்துச் சிவப்பு காதில் கிடக்கும், பச்சை அங்கி கைக்கு வெளியே வழிந்திருக்கும். எரிக்கப்போகிற தாளுக்கு எவன் ப்ரூஃப் பார்ப்பான்?

ஊருக்கு ஊர் பாணி மாறும் என்பதையும் சொல்லிவிடுகிறேன். தியென்ஜின் அருகே யாங்லியூசிங்கில் கோடுகளை அச்சடித்துவிட்டு முகத்தைக் கையால் தீட்டுவார்கள். சூஜோவின் தாவ்ஹுவாவூவில் நிறமும் கட்டையால்தான். தெற்கே ஃபோஷானில் கதவுச் சாமிக்குப் பின்னால் ஈயச் செந்தூரம் பூசி ஒரே சிவப்பாக அடிப்பார்கள். இந்த ஈயச் செந்தூரத்தைப் பூசிய தாளைக் குவாங்தொங்கில் புத்தகங்களின் முதல், கடைசிப் பக்கமாக வைத்துத் தைப்பதும் உண்டு, பூச்சி அரிக்காமல் இருக்க.

26 ஜனவரி

தைப்பூச அலைச்சல் முடிந்து இன்றுதான் உட்கார்ந்தேன். தண்ணீர்மலைக்குப் போகும் வழியில் வழக்கம் போலச் சீனர்களும் தேங்காய் குவித்து வைத்திருந்தார்கள்.

மாலையில் கார்னர்வன் சாலைப் பக்கம் போனேன். சவப்பெட்டிக் கடை, காகித வீடு செய்கிற கடை, ஊதுவத்திக் கடை எல்லாம் அந்தத் தெருவில் உண்டு. ஒரு கடையில் ஆன்ட்டியிடம் கேட்டேன், இந்தத் தாளை யாராவது சட்டம் போட்டு மாட்டினால் சாமி குற்றமாகுமா என்று. மலாயில்தான் பேசிக்கொண்டோம். அவர் கையில் இருந்த தாள்களை விசிறிக் காட்டினார். "அலமாரியில் இருக்கிற வரை இது சரக்கு. எலி கடித்தால் எனக்கு நஷ்டம், சாமிக்கு இல்லை. வீட்டுக்குக் கொண்டுபோய் ஊதுவத்தி காட்டிய பிறகுதான் மற்றதெல்லாம்."

ஒரு கடைக்காரர் சொல்வதை வைத்து மதத்துக்கே தீர்ப்பு எழுதக் கூடாது. இருந்தாலும் குட்ரிச் வாங்கியதும் அலமாரியில் இருந்துதானே.

3 பிப்ரவரி

இன்றைக்குச் சீனப் பன்னிரண்டாம் மாதம் 24. தெற்கத்தியர்களுக்கு அடுப்படிச் சாமியை வழியனுப்பும் நாள், வடக்கில் நேற்றே முடிந்திருக்கும். வீட்டில் வருஷம் முழுக்க நடந்ததைப் பார்த்து வைத்திருந்து மேலே போய் விண்ணுலகை ஆளும் ஜேட் (பச்சை மணிக்கல்) பேரரசரிடம் ஒப்பிக்கிறவர் அவர். அதனால் கிளம்பும் முன் வாய்க்கு இனிப்பு. வடக்கில் பல்லில் ஒட்டும் மால்ட் மிட்டாய். இங்கே பினாங்கில் பசை போல இழுக்கும் கூடைப் பலகாரம், மலாயில் குவே பாக்குல். வாய் ஒட்டிக்கொண்டால் புகார் வராது, இனித்தால் நல்லதாகவே வரும். லஞ்சம் என்று யாரும் ஒளித்துச் சொல்வதில்லை.

பக்கத்து வீட்டில் படம் கிடையாது, அடுப்புக்கு மேலே தங்க எழுத்துப் போட்ட சிவப்புப் பலகைதான். இந்த ஊரில் அதுதான் அதிகம். வடக்கத்தி வீடுகளில்தான் தாள். அந்தத் தாளைக் கொஞ்சம் நிதானமாகப் பார்க்க வேண்டும்.

நடுவில் சாமியும் மனைவியும் உட்கார்ந்திருப்பார்கள். சில தாளில் இரண்டு மனைவியர், சிலதில் அவர் மட்டும் தனியாக. காலடியில் நாயும் சேவலும். இரண்டு பக்கமும் பணியாளர்கள். அவர்களில் ஒருவர் கையில் நல்லது போட்டு வைக்கும் ஜாடி, இன்னொருவர் கையில் கெட்டது போட்டு வைக்கும் ஜாடி. வீட்டுக் கணக்கு இந்த இரண்டிலும் ஏறுகிறது. இதெல்லாம் பாதித் தாள். மேல் பாதியில் அந்த வருஷத்து நாள்காட்டி. எந்த மாதத்துக்கு 30 நாள், எதற்கு 29, இருபத்து நான்கு பருவக் குறிகள் எந்தத் தேதியில் விழும் என்று கட்டம் கட்டி இருக்கும்.

அதோடு இரண்டு ஜோசியக் குறிப்பு: இந்த வருஷம் எத்தனை டிராகன் மழையை ஆளும், எத்தனை மாடு உழும். முதல் மாதத்தில் டிராகன் நாள் எந்தத் தேதியில் முதலில் வருகிறதோ அதுவே டிராகன் எண்ணிக்கை. ஐந்தாம் தேதி வந்தால் ஐந்து டிராகன். நிறைய டிராகன் இருந்தால் நிறைய மழை என்று நினைப்பீர்கள். தலைகீழ். ஒன்றை நம்பி ஒன்று சும்மா இருந்துவிடும், வானம் பொய்க்கும் என்பார்கள். அரசாங்க அலுவலகம் பார்த்தவர்களுக்கு விளக்கம் தேவையில்லை.

ஆக அடுப்படிச் சாமியை வருஷா வருஷம் மாற்றுவதற்கு மோட்சக் காரணம் மட்டும் போதாது, பழைய நாள்காட்டியை வைத்துக்கொண்டு விவசாயி என்ன செய்வான்? அச்சகக்காரருக்கும் ஆண்டுதோறும் புதுக் கட்டை வேலை, புது வரும்படி. அருங்காட்சியகத்துக்கு இன்னொரு லாபம்: மற்ற சாமித் தாளில் தேதியே இருக்காது. இதில் பெரிய மாதம், சின்ன மாதம், பருவக் குறி எல்லாம் பொருந்துகிற வருஷத்தைத் தேடினால் அடித்த காலம் பிடிபட்டுவிடும்.

5 பிப்ரவரி

கதவுச் சாமியும் எரிக்கப்படும் என்று மேலே ஒருவர் எழுதியிருப்பது சரியில்லை. தாங் பேரரசர் தைஸொங்கின் தளபதிகள் சின் சியோங்கும் யூசி கொங்கும் கதவின் இரு பலகையில் நிற்பார்கள். அரசர் தூக்கத்தைக் கெடுத்த பேய்களைத் தடுக்க இரவெல்லாம் காவல் நின்றவர்கள், பிறகு படமாகிவிட்டார்கள் என்பது கதை. அவர்களை யாரும் எங்கும் அனுப்புவதில்லை. வெயிலிலும் மழையிலும் நிறம் போய்க் கிழிந்து தொங்குகிற வரை நின்று, அடுத்த புத்தாண்டுக்குப் புதுத் தாள் மேலே ஏறும்.

இதை எழுதும்போதுதான் வேறொன்று தோன்றியது. இந்தச் சேகரிப்புகளின் உண்மையான குறை அவமரியாதை இல்லை. பெட்டிக்குள் இருப்பவை கும்பிடப்படாத தாள்கள். கரி இல்லை, எண்ணெய்ப் பிசுக்கு இல்லை, பின்பக்கம் கோதுமைப் பசை இல்லை, பூச்சி அரித்த ஓட்டை இல்லை. மடிப்புக் கலையாத கடைச் சரக்கு. வேலை செய்த தாள் சாம்பலாகிவிட்டது, வேலைக்கே போகாத தாள் நியூயார்க்கில் இருக்கிறது. அதைப் பார்த்து 'சீனர் வழிபாடு இப்படி இருந்தது' என்று எழுதும்போது கொஞ்சம் கையை உதற வேண்டும். தெரிவது கடையில் என்ன கிடைத்தது என்பதுதான். எது நாள்தோறும் விற்றது, எது வருஷக்கணக்கில் தூங்கியது என்று தாளைப் பார்த்துச் சொல்ல முடியாது. கட்டில் சாமியும், பயிரைப் பூச்சியிடமிருந்து காக்கிற பூச்சி ராஜாவும் சேகரிப்பில் ஒரே அளவு இடம் பிடித்து உட்கார்ந்திருக்கிறார்கள், நகரத்து வீட்டில் பூச்சி ராஜாவுக்கு என்ன வேலை?

12 பிப்ரவரி

சீனப் புத்தாண்டுக் கூச்சலில் நான்கு நாளாகத் தூக்கமில்லை, பட்டாசு. ரஷ்யாக்காரர்கள் கதையைச் சொல்கிறேன் என்று யாரிடமோ ஒப்புக்கொண்டிருந்தேன்.

1896-97-இல் மஞ்சூரியாவுக்குச் செடி சேகரிக்கப் போன தாவரவியலாளர் விளாதிமிர் கமரோவ் செடிகளோடு சுவர்ப் படங்களையும் அள்ளிக்கொண்டு வந்தார். பிறகு 1907-இல் வசீலி அலெக்ஸேயெவ் என்ற இளைஞர் பிரெஞ்சு அறிஞர் எதுவார் ஷவானுடன் வட சீனாவைச் சுற்றினார். வண்டியிலும் படகிலும் ஊர் ஊராகப் போய், யாங்லியூசிங்கிலேயே இறங்கிப் படம் வாங்கினார்.

இவரிடம் எனக்குப் பிடித்த விஷயம், வாங்கியதோடு நிற்கவில்லை. ஒவ்வொரு படத்திலும் என்ன இருக்கிறது, சிலேடை எங்கே, ஏன் வௌவால், ஏன் பீச் பழம் என்று தன் சீன வாத்தியார்களை உட்கார்த்தி எழுதி வாங்கினார். படம் வாங்கிய எத்தனையோ பேருக்கு அந்தப் பொறுமை வாய்க்கவில்லை.

அவர் சேகரித்தவை இன்று பீட்டர்ஸ்பர்க்கின் ஹெர்மிடாஜ் அருங்காட்சியகத்திலும் அங்கேயே உள்ள மத வரலாற்று அருங்காட்சியகத்திலும் இருக்கின்றன. இரண்டாவது சொன்னது 1932-இல் கசான் பேராலயத்தைச் சர்ச்சாக இல்லாமல் ஆக்கி அதற்குள் தொடங்கியது. மதம் எவ்வளவு மூடத்தனம் என்று காட்டத்தான். அந்த வேலைக்காக வைத்திருந்த சீனச் சாமிகள் பத்திரமாகப் பிழைத்தார்கள். சொந்த ஊரில் அந்த அளவுக்கு அதிர்ஷ்டம் இல்லை. பிறகு எழுதுகிறேன்.

18 பிப்ரவரி

நேற்று ராத்திரி ஹொக்கியன்காரர்களின் (ஃபூஜியன் வழிச் சீனர்கள்) தி கொங் பிறந்தநாள், அதே ஜேட் பேரரசருக்கு. வீட்டு வாசலில் கரும்பு கட்டி, நீள மேசை போட்டு, நள்ளிரவு தாண்டித் தாள் மலையையே கொளுத்தினார்கள். என் வீட்டுத் துணியெல்லாம் சாம்பல்.

எரியும் முன் ஒன்றை எடுத்துப் பார்த்தேன். முரட்டு மஞ்சள் தாள், நடுவில் சதுரமாகத் தங்கப் பூச்சு, அதன் மேல் சிவப்பில் மூன்று கிழவர்கள்: நற்பேறு, பதவி, ஆயுள். கண்ணாடி வைத்துப் பார்த்தால் புள்ளிகள் தெரிகின்றன, ஆஃப்செட் இயந்திர அச்சு. கோடு மட்டும் பழைய கட்டையைப் பார்த்து வரைந்த கோடு: உளி திரும்ப முடியாமல் வெட்டுப்பட்ட மூலைகள் அப்படியே இருக்கின்றன. இயந்திரத்துக்கு அந்தக் கஷ்டம் கிடையாது, ஆனாலும் விடவில்லை.

24 பிப்ரவரி

சொந்த ஊர்க் கதை.

1928-இல் நான்ஜிங் அரசு எந்தச் சாமி இருக்கலாம், எது போக வேண்டும் என்று ஒரு பட்டியல் போட்டது. கன்ஃபூசியஸ், லாவோட்ஸி, குவான் யூ போன்றவர்கள் தேர்வாகிவிட்டார்கள். செல்வச் சாமி, நகரச் சாமி, அம்மை நோய்ச் சாமி எல்லாம் தேறவில்லை. அடுப்படிச் சாமியையும் வெட்டிவிட்டார்கள். வீட்டுக்குள் எட்டிப் பார்க்கிற அரசாங்கம் எந்த ஊரிலும் வெற்றி பெற்றதில்லை, மக்கள் வாங்கிக்கொண்டேதான் இருந்தார்கள். குட்ரிச் வாங்கியது இதற்கு மூன்று வருஷம் கழித்து. இவை இருக்காது போலிருக்கிறதே என்ற அவசரம் அந்தக் காலத்தில் பலருக்கு இருந்திருக்க வேண்டும். ஹாங்ஜோவில் கிறிஸ்துவக் கல்லூரியில் பாடம் சொல்லிக்கொடுத்த கிளாரன்ஸ் டே இந்தத் தாள்களை வைத்தே கிராமத்து வழிபாட்டைப் பற்றி 1940-இல் தடித்த புத்தகம் எழுதினார். மூடநம்பிக்கை என்று ஒழிக்கப் போனவர்கள்தான் ஒழுங்காகக் குறிப்பு எழுதியிருக்கிறார்கள், இது ஒரு வேடிக்கை.

தொழிலை உள்ளேயிருந்து அரித்தது வேறு. ஷாங்காய் லித்தோ (கல்லச்சு) நாள்காட்டிகள் வந்தன, வழவழப்பான அழகிகளோடு. ஜெர்மன் அனிலைன் என்ற ரசாயனச் சாயம் வந்து செடிச் சாயத்தை விரட்டியது. பழைய தாளில் கண்ணைக் குத்துகிற ஊதாவும் ரோஜா நிறமும் தெரிந்தால் அதன் வேலைதான்.

1949 நவம்பரில் புதிய அரசின் கலாச்சார அமைச்சகம் புத்தாண்டுப் படத்தைப் புது விஷயத்துக்குப் பயன்படுத்துமாறு உத்தரவு போட்டது. தயாரிப்பு, தொழிலாளி, படை, டிராக்டர். ஒட்டுகிற இடமும் நாளும் பழையபடியே, சாமி மட்டும் மாறிவிட்டார். 1966-இல் கலாச்சாரப் புரட்சி தொடங்கிய பிறகு எரித்தல் வேறு மாதிரி. இந்தத் தடவை தாளோடு கட்டைகளும் போயின. காய்கறி நறுக்கவும் முக்காலிக்கும் துணி துவைக்கவும் ஆன பேரிமரப் பலகைகள் பற்றி எல்லா அச்சு ஊரிலும் ஒரு கதை இருக்கிறது.

சில பேர் ஒளித்து வைத்தார்கள். ஹெபெய் மாகாணத்தின் வூசியாங்கில் ஒரு பழைய வீட்டுக் கூரைக்குள் அடுக்கி மறைத்திருந்த கட்டைகளை 2003-இல் எடுத்தார்கள். எழுத்தாளர் ஃபெங் ஜிசாய் அப்போது நாடு முழுக்க இந்த மரபைப் பதிவு செய்யும் வேலையில் இறங்கியிருந்தார், இதை நேரில் பார்த்து எழுதியும் இருக்கிறார். 2006-இல் மரபுக் கலைகளின் தேசியப் பட்டியல் முதன்முதலாக வந்தபோது யாங்லியூசிங், வூசியாங், தாவ்ஹுவாவூ, யாங்ஜியாபூ, மியான்ஜூ என்று பல ஊர் அச்சுக்கலைகள் அதில் ஏறின. 1928-இல் ஒழிக்க ஒரு பட்டியல், 2006-இல் காக்க ஒரு பட்டியல்.

5 மார்ச்

இன்று பூச்சிகள் விழிக்கும் பருவநாள். ஹாங்காங்கில் வான்சாய்க்கும் காஸ்வே பேக்கும் நடுவில் மேம்பாலத்தின் அடியில் பாட்டிகள் முக்காலி போட்டு உட்கார்ந்திருப்பார்கள். உங்களுக்கு யார் மேல் கோபமோ அவருக்காக அச்சடித்த காகித ஆளைச் செங்கல் மேல் வைத்துச் செருப்பால் மொத்துவார்கள். பிறகு காகிதப் புலியின் வாயில் பன்றிக் கொழுப்பைத் தடவி அதையும் கொளுத்துவார்கள். ஊர் முழுக்க மேலாளர்கள் பெயர்தான் அதிகம் அடி வாங்குவதாகச் சொல்கிறார்கள்.

இந்தத் தாளை எந்த அருங்காட்சியகமாவது அடிபட்ட நிலையில் வாங்கினால் நான் டிக்கெட் எடுத்துப் பார்ப்பேன்.

17 மார்ச்

யுன்னான் ஜியா-மா பற்றிக் கேட்டவருக்கு. தாலி, தெங்சொங் பக்கத்தில் பாய் மக்களும் ஹான் மக்களும் பயன்படுத்துகிறார்கள். உள்ளங்கை அளவு முரட்டுத் தாள், ஒரே கருப்பு மை. உளி வேலையும் முரடுதான்: கண் இருக்க வேண்டிய இடத்தில் இரண்டு குத்து, வாய்க்கு ஒரு கீறல். வடக்கத்தித் தாள் மாதிரி அழகு பார்த்து வாங்குகிற சாமான் இல்லை. ஆனால் எதற்கெல்லாம் தாள் இருக்கிறது என்று பாருங்கள்: பாலத்துக்கும் வழிக்கும் ஒன்று, மலைக்கு ஒன்று, கிணற்றுக்கு, தொழுவத்துக்கு, மரத்துக்கு. குழந்தை எங்கேயோ பயந்துபோய்ச் சோர்ந்து கிடந்தால், விட்டுப்போன உயிரை விரட்டிப் பிடித்து வர ஒரு குதிரை. எல்லாம் கொளுத்தத்தான்.

இங்கே என் எண்ணம் கொஞ்சம் நகர்கிறது. 'கும்பிடாத தாள்' என்று மேலே குறைப்பட்டேன். ஜியா-மாவில் கும்பிட்ட தாள் என்று ஒன்று மிஞ்சவே வழியில்லை, எரிப்பதுதான் கும்பிடுவது. எரியாத தாளை வைத்துக்கொண்டு அருங்காட்சியகம் வேறு என்ன செய்ய முடியும்? பக்கத்தில் எழுதி வைக்கத்தான் முடியும். என் சண்டை அந்த எழுத்தோடுதான். 'அடுப்படி தெய்வம், மரக்கட்டை அச்சு, இருபதாம் நூற்றாண்டு' என்று ஒரு வரி போட்டு முடித்துவிடுகிறார்கள். எந்தக் கடை, என்ன விலை, எந்த நாளில் ஒட்டுவது, எப்போது கொளுத்துவது, சாம்பலை என்ன செய்வது, இதில் ஒன்றாவது வேண்டாமா? அலெக்ஸேயெவும் குட்ரிச்சும் அதைக் கேட்டு எழுதினார்கள். அவர்களுக்கு முன் 1901-04-இல் அமெரிக்க இயற்கை வரலாற்று அருங்காட்சியகத்துக்காகச் சீனாவில் பொருள் சேர்த்த பெர்தோல்ட் லாஃபரும் அன்றாடச் சாமானை மதித்து வாங்கியவர்தான். அந்தக் குறிப்பு இல்லாத தாள் வெறும் பழைய காகிதம்.

கேள்வி கேட்டவர் இன்னும் திருப்பிக் கொடுக்க வேண்டும் என்கிறார். சரி, கொடுக்கலாம். கொடுத்தால் கொளுத்துவார்கள், முறைப்படி அதுதான் நியாயம். அப்புறம் நாம் எதைப் பார்த்து விவாதிப்பது? கட்டை இருந்தால் இன்னொன்று அடித்துக்கொள்ளலாம் என்பார்கள் ஊர்க்காரர்கள். கட்டை இருக்கிற ஊருக்கு அந்தப் பதில் சரி.

5 ஏப்ரல்

நேற்று சிங்மிங், சீனர்கள் முன்னோர் கல்லறைக்குப் போகிற நாள், கல்லறைப் பக்கமெல்லாம் புகை.

தாலி சுற்றுலாவில் ஜியா-மா வாங்கி வந்தவர் கேட்டிருக்கிறார்: சட்டம் போடலாமா, லேமினேட் செய்யலாமா, வீட்டில் பெரியவர்கள் எரிக்கச் சொல்கிறார்கள்.

பெரியவர்கள் சொல்வதற்கு நான் குறுக்கே வரமாட்டேன். இரண்டு இருந்தால் ஒன்றைக் கொளுத்துங்கள். வைத்திருப்பதற்கு, அச்சகத்துக் கையால் சொல்கிறேன்: வெயில் படும் சுவரில் மாட்டாதீர்கள். அருங்காட்சியகத்தில் 50 லக்ஸ் வெளிச்சத்துக்கு மேல் விடமாட்டார்கள், அந்த மங்கல் சும்மா இல்லை. நிறத் தாளாக இருந்தால் தண்ணீர் பட விடாதீர்கள், அனிலைன் சாயம் ஓடும். செல்லோடேப் ஒட்டினால் பத்து வருஷத்தில் மஞ்சள் பட்டை விழும், பிறகு எடுக்க முடியாது. கோதுமைப் பசை நல்லது, ஆனால் பூச்சிக்கும் அது நல்லது, நம் ஊர் ஈரத்தில் அதிகம் தடவாதீர்கள். தாள் கண்ணாடியைத் தொடாமல் நடுவில் அட்டை வையுங்கள்.

பின்பக்கம் பென்சிலால், பேனாவால் கூடாது, வாங்கிய ஊர், நாள், கொடுத்த விலை, விற்றவர் இது எதற்கு என்று சொன்னார், எல்லாம் எழுதிவிடுங்கள். பேரம் பேசியிருந்தால் அதையும். லேமினேஷன் மட்டும் வேண்டவே வேண்டாம். சூடும் பிளாஸ்டிக்கும் சேர்ந்தால் அப்புறம் எரிக்கவும் முடியாது, வைத்திருக்கவும் முடியாது.